ஏர் பிடித்த சீமாட்டி

"நீங்களே சொல்லுங்க அக்கா! இவளை பி.காம். படிக்க வைத்தது சாணி அள்ளுவதற்கா?"

கீழ் வீட்டு அம்மாள் இப்படிக் கேட்டுக்கொண்டே என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெண்ணும் கூடவே வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். இருபத்திரண்டு வயது. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. அதை விட்டுவிட்டு, திண்டுக்கல் பக்கத்தில் ஓர் இயற்கை விவசாயப் பண்ணையில் ஆறு மாதம் தங்கி வேலை கற்றுக்கொள்ளப் போகிறாளாம். சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்க இடமும் உண்டு.

"அந்தச் சாப்பாடு நம் வீட்டில் கிடைக்கவில்லையா?" என்றாள் தாயார்.

"நான் சாப்பிடப் போகவில்லை அம்மா. அதை விளைவிக்கப் போகிறேன்" என்றாள் பெண்.

நியாயமான பதில்தான். ஆனால் நியாயமான பதிலால் எந்தத் தாயாரும் சமாதானம் அடைந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே நான் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து, நூறு வருஷத்துக்கு முன்னால் இதே பிடிவாதம் பிடித்த இன்னொரு பெண்ணின் கதையைச் சொன்னேன். அவள் சாமானியக் குடும்பத்துப் பெண் அல்ல.

* * *

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டி எடுத்த பஞ்சம். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது அந்தச் சமயத்தில்தான். அப்போது இந்தியாவுக்கு வைஸ்ராயாக இருந்தவர் லிட்டன் பிரபு. இங்கே ஜனங்கள் கஞ்சிக்கு இல்லாமல் மடிந்துகொண்டிருக்கையில், 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் ஆடம்பரமாகத் தர்பார் நடத்தினாரே, அவரேதான்.

அந்த லிட்டன் பிரபுவின் மகள் வயிற்றுப் பேத்தி ஈவ் பால்ஃபர். பிறந்தது 1898-ஆம் வருஷம். பெரியப்பா ஆர்தர் பால்ஃபர் 1902 முதல் 1905 வரை இங்கிலாந்தின் பிரதம மந்திரி. தகப்பனாரும் மந்திரியாக இருந்தவர். ஒரு சித்தி, புது டில்லியைத் திட்டமிட்டுக் கட்டிய லட்யென்ஸின் மனைவி எமிலி. அடையாறு பிரம்மஞான சபைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். இன்னொரு சித்தி கான்ஸ்டன்ஸ், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போனவர். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணுக்கு என்ன குறை? நல்ல உடை உடுத்திக்கொண்டு, நாலு விருந்துக்குப் போய் வந்து, ஒரு பிரபுவின் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக இருந்திருக்கலாம்.

ஈவ் பன்னிரண்டாவது வயதிலேயே, தான் விவசாயியாகத்தான் ஆகப்போவதாக முடிவு செய்துவிட்டாள். குழந்தைப் பேச்சு என்று பெரியவர்கள் விட்டிருப்பார்கள். பதினேழாவது வயதில், 1915-இல், ரெடிங் நகரத்துக் கல்லூரியில் விவசாயம் படிக்கச் சேர்ந்துவிட்டாள். இங்கிலாந்தில் கல்லூரிக்குப் போய் விவசாயம் படித்த முதல் சில பெண்களில் அவளும் ஒருத்தி.

அப்போது முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆண் பிள்ளைகள் சண்டைக்குப் போய்விட்டார்கள். வயலில் இறங்க ஆள் இல்லை. பட்டணத்துப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து விவசாய வேலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே! 1918-இல், வேல்ஸ் எல்லைப் பக்கத்தில் மன்மத்ஷையரில் ஒரு சிறு பண்ணையை நிர்வகிக்கும் வேலை ஈவுக்குக் கிடைத்தது. தனக்கு வயது இருபத்தைந்து என்று சொல்லித்தான் அந்த வேலையைப் பெற்றாள். உண்மையில் இருபதை ஒட்டிய வயது! பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். கூட்டிச் சொன்னவளை இப்போதுதான் கேள்விப்படுகிறோம்.

அந்தப் பண்ணையில் குதிரை பூட்டி உழுதார்கள். பசுக்களைக் கையால் கறந்தார்கள். டிராக்டர், கறவை யந்திரம் என்ற பேச்சே இல்லை. ஏர் பிடிப்பதும் பால் கறப்பதும் பார்ப்பதற்குச் சுலபமாகத் தோன்றும். எந்த ஊரிலும் பசு புதுக் கையைக் கண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். அதற்குப் புஸ்தகத்தில் மருந்து கிடையாது. பழகிய கை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தால்தான் உண்டு.

யுத்தம் முடிந்ததும், 1919-இல், ஈவும் அவளுடைய சகோதரி மேரியும் சஃபோக் ஜில்லாவில் ஹாலி என்ற கிராமத்தில் 'நியூ பெல்ஸ்' பண்ணையை வாங்கினார்கள். இருபத்தோரு வயதில் பண்ணைக்கு எஜமானி! கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் சில வருஷத்துக்குள் தானியத்தின் விலை அடியோடு விழுந்தது. விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். சீமாட்டி என்ன செய்தாள் தெரியுமா? சனிக்கிழமை ராத்திரிகளில் பக்கத்து நகரத்தில் ஒரு நடன வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்து ஸாக்ஸஃபோன் வாசித்துப் பணம் சம்பாதித்தாள். ஒரு சிநேகிதியுடன் சேர்ந்து துப்பறியும் நாவல்கள் எழுதினாள். முதல் நாவல் 1927-இல் வெளிவந்தது. தொடர்கதை வாசகிகளான உங்களுக்கு அவளிடம் இதனாலேயே ஒரு தனி அபிமானம் பிறக்கக்கூடும். இவ்வளவுக்கும் நடுவில் ஆகாய விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

"அப்போ விவசாயத்திலே நஷ்டம்தானே?" என்று கீழ் வீட்டு அம்மாள் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

நஷ்டம்தான். அதை நான் மறைக்கவில்லை.

* * *

இதுவரை ஈவ் செய்தது ஊரார் எல்லாரும் செய்த விவசாயம்தான். 1938 வாக்கில் அவள் மனத்தில் ஒரு சந்தேகம் முளைத்தது. மண் வளமாக இருந்தால்தானே அதில் முளைத்த பயிர் வளமாக இருக்கும், அந்தப் பயிரைத் தின்கிற மாடும் மனுஷனும் வளமாக இருப்பார்கள்? மண்ணைச் சாரமற்றதாக்கிவிட்டு மூட்டை மூட்டையாக ரசாயனத்தைக் கொட்டிக்கொண்டே போனால் முடிவு என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அவள் படித்த ஆராய்ச்சிகளில் முக்கியமான இரண்டு, நம் தேசத்தில் நடந்தவை. அவற்றைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கதையின் ருசியே இங்கேதான் இருக்கிறது.

ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் 1905-இல் சர்க்கார் தாவரவியல் நிபுணராகப் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்தார். (பிற்காலத்தில், 1934 பூகம்பத்தில் கட்டடம் பாழானதால், அந்த ஸ்தாபனம் டில்லிக்கு இடம் மாறியது. டில்லியில் இன்றும் அந்த இடத்துக்குப் 'பூசா' என்றே பெயர்.) வந்தவர் இந்தியக் குடியானவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர். ஆனால் வந்த இடத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். சுற்றுப்புறக் கிராமங்களில் பூச்சி மருந்து என்ற பேச்சே இல்லை. பயிரில் வியாதியும் அவ்வளவாக இல்லை. தானியப் பயிரோடு பருப்பு வகைகளையும் கலந்து விதைத்தார்கள். சோளத்தோடு துவரையைச் சேர்த்து விதைப்பது நம் பக்கத்திலும் உண்டு அல்லவா? அதைத்தான் பார்த்தார். பருப்புச் செடியின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கிறது என்பதை விஞ்ஞானம் கண்டுபிடித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. குடியானவன் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தான்.

ஹோவர்டு ஒரு காரியம் செய்தார். எனக்கு அவரிடம் மதிப்பு வந்தது இந்தக் காரியத்தால்தான். ஊர்க் குடியானவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தமக்குப் பேராசிரியர்களாக வைத்துக்கொண்டார். பூச்சி வந்தால் அந்தப் பயிருக்கோ மண்ணுக்கோ ஏதோ குறை என்று அர்த்தம். குறையைப் பார், பூச்சியை அடிக்காதே என்பது அவர் கற்ற பாடம். சர்க்காரிடம் 75 ஏக்கர் நிலம் கேட்டு வாங்கி, அதில் மாணாக்கன் மாதிரி உட்கார்ந்து ஐந்து வருஷம் பழகினார். அவருடைய உழவு மாடுகள் வேலிக்கு அப்பால் கோமாரி கண்ட மாடுகளோடு மூக்கை உரசிக்கொண்டும் நோய் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு யாரும் மாட்டுக்குத் தடுப்பூசி போடாமல் இருந்துவிடாதீர்கள்! அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

இந்த வேலையில் பாதி அவர் மனைவியுடையது. கேப்ரியெல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் ஆராய்ச்சி செய்தவர். புருஷனுக்கு உதவியாளராகச் சேர்ந்து, 1913-இல் அவருக்கு அடுத்த நிபுணர் பதவியைப் பெற்றார். பூசாவிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற கோதுமை ரகங்களில் இருவர் உழைப்பும் உண்டு. 1930-இல் அந்த அம்மாள் காலமானார். ஹோவர்டின் பேர் மட்டும் பிரசித்தமாகிவிட்டது. உலக வழக்கம்!

1924-இல் தம்பதிகள் இந்தூருக்குப் போனார்கள். அங்கே பிறந்ததுதான் 'இந்தூர் முறை' என்று உலகம் முழுவதும் பரவிய மக்கு உரம். ஆழமில்லாத குழி. ஆறு அங்குலம் சருகும் வைக்கோலும் களையும். அதன்மேல் இரண்டு அங்குலம் சாணி. அதன்மேல் மாட்டுத் தொழுவத்தில் கோமியம் ஊறிய மண், கொஞ்சம் அடுப்புச் சாம்பல், தெளிக்கத் தண்ணீர். மறுபடியும் சருகு. இப்படி அடுக்கிக்கொண்டே போய், இடையில் சில தடவை புரட்டிப் போட்டால், மூன்று மாதத்தில் கறுப்பாக, நாற்றமில்லாமல், மழை பெய்த மண்ணின் வாசனையோடு உரம் தயார். எழுதிக் காட்டிவிட்டேன், முடிந்தது. ஆனால் செய்து பார்த்தவர்களைக் கேளுங்கள். தண்ணீர் ஒரு குடம் அதிகமானால் அழுகி நாறும். குறைந்தால் கறையான் வரும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. இந்தப் பதத்தை எந்த அளவுகோலில் எழுதுவது? தோசை மாவின் பதத்தை எழுத்தில் சொல்லிக்கொடுத்துவிட முடியுமா?

இரண்டாவது ஆராய்ச்சி நம் குன்னூரில் நடந்தது. ராபர்ட் மக்காரிஸன் என்ற டாக்டர் அங்கே எலிகளை வைத்துக்கொண்டு, இந்தியாவின் வெவ்வேறு ஜனங்கள் சாப்பிடும் சாப்பாட்டை அவற்றுக்குப் போட்டுப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. கடைசி இடம் யாருக்கு? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: தீட்டிய அரிசியைக் குவித்துக்கொண்டு, பாலும் காயும் பேருக்குத் தொட்டுக்கொண்ட நம் சென்னை ராஜதானிச் சாப்பாட்டுக்குத்தான். (அந்த ஆராய்ச்சிசாலை 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. நம்மேல் கோபித்துக்கொண்டு போகவில்லை என்று நம்புவோம்.)

* * *

பீகார்க் குடியானவனிடம் ஹோவர்டு கற்றதும், குன்னூர் எலிகளிடம் மக்காரிஸன் கற்றதும் சஃபோக் ஜில்லாவில் ஈவிடம் வந்து சேர்ந்தன. 1939-இல் அவளும் பக்கத்துப் பண்ணைக்காரி ஆலிஸ் டெபன்ஹாமும் சேர்ந்து, தங்கள் நிலத்தை மூன்று பாகமாகப் பிரித்தார்கள். ஒன்றில் மாடும் மக்கு உரமும் மட்டும். இரண்டாவதில் மாடும் உண்டு, ரசாயனமும் உண்டு. மூன்றாவதில் மாடே கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருஷக் கணக்கில் பார்ப்பது என்று ஏற்பாடு. அதே வருஷம் இரண்டாவது யுத்தமும் மூண்டது. யுத்தத்தின் நடுவில், 1943-இல், 'உயிருள்ள மண்' என்று பொருள்படும் பெயரில் அவள் எழுதிய புஸ்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. 1946-இல் அவளும் நண்பர்களும் சேர்ந்து 'ஸாயில் அஸோஸியேஷன்' என்ற மண்வளச் சங்கத்தை நிறுவினார்கள். இயற்கை விவசாயத்துக்காக இங்கிலாந்தில் அது இன்றும் வேலை செய்கிறது.

பரிசோதனை ஏறக்குறைய முப்பது வருஷம் நடந்தது. முடிவு? மக்கு உரம் மட்டும் போட்ட பாகத்துப் பசுக்கள் குறைந்த தீவனத்தில் நிறையப் பால் கறந்தன. ஆனால் பயிர் விளைச்சல் அந்தப் பாகத்தில் மற்றவற்றை மிஞ்சிவிடவில்லை. பரிசோதனை அமைத்த விதம் போதாது என்று விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்ள மறுத்தார்கள். ஈவ் அசையவில்லை. எண்பது வயதுக்கு மேலும் தோட்டத்தில் வேலை செய்துகொண்டு, 1990 ஜனவரியில் தொண்ணூற்றோராவது வயதில் காலமானார்.

1971-இல் இன்னொரு பெண் இதில் வந்து சேர்ந்தாள். ஸூ காப்பர்டு என்று பெயர். லண்டனில் ஓர் ஆபீஸில் காரியதரிசி. நம் கீழ் வீட்டுப் பெண் மாதிரிதான். கிராமத்துக் காற்றுக்கு ஏங்கினாள். பண்ணைக்குப் போக வழி தெரியவில்லை. மண்வளச் சங்கத்து மனிதர் ஒருவர் மூலம் ஸஸெக்ஸ் ஜில்லாவில் ஒரு கல்லூரிப் பண்ணைக்காரர்களைப் பிடித்து, "சனி, ஞாயிறு வந்து வேலை செய்கிறோம், சோறும் இடமும் கொடுங்கள்" என்று கேட்டாள். முதல் தடவை போனவர்கள் மொத்தம் நாலே பேர். இன்று அந்த ஏற்பாட்டுக்கு 'வூஃப்' என்று பெயர். நூறு தேசங்களுக்கு மேல் பரவிவிட்டது. மண்வளச் சங்கமும் 2007-இல் இளைஞர்களைப் பண்ணைகளில் அமர்த்தி, வேலை செய்துகொண்டே கற்கும் தொழிற்பயிற்சி ஒன்றை ஆரம்பித்தது.

தமிழ்நாட்டில் இந்த வழியில் இளைஞர்களைத் திருப்பிவிட்டவர் நம்மாழ்வார். 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் சர்க்கார் உத்தியோகம். மானாவாரி ஏழை விவசாயிக்குப் பிரயோஜனம் இல்லாத ஆராய்ச்சி என்று மனம் கசந்து 1969-இல் அதை விட்டார். பிறகு ஊர் ஊராக நடந்து விவசாயிகளிடமே கற்றார். கரூர் ஜில்லா கடவூரில் அவர் அமைத்த 'வானகம்' பண்ணையில் பட்டணத்துப் பிள்ளைகளும் பெண்களும் வந்து தங்கிப் பயின்றார்கள். 2013 டிசம்பரில் காலமான அவர் அந்த மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார்.

"இவ்வளவு பேர் போய்க் கற்க வேண்டிய வித்தையா அது? ரசாயனம் போடாமல் விட்டால் இயற்கை விவசாயம், அவ்வளவுதானே?" என்றாள் கீழ் வீட்டு அம்மாள்.

நல்ல கேள்வி. இதே நினைப்பு ஒரு தேசத்தையே ஆட்டி வைத்தது. 2021-இல் இலங்கை அரசாங்கம் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. குடியானவனுக்கு மக்கு உரம் செய்ய நேரம் இல்லை, செய்யக் கற்றுக்கொடுக்க ஆளும் போதவில்லை. நெல் விளைச்சல் சரிந்தது. சில மாதத்துக்குள், அதே வருஷம் நவம்பரில், தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நிலமும் ஒரு தலைமுறையாக ஒரு பழக்கத்துக்கு வந்திருக்கிறது, கையும் வந்திருக்கிறது. இரண்டையும் மெள்ள மெள்ளத்தான் திருப்ப வேண்டும். ஹோவர்டுக்கே ஐந்து வருஷம் பிடித்தது!

* * *

ஆனாலும் தாயாரின் கவலை தாயாரின் கவலைதான். பெண்ணிடம் நான் சிலவற்றைக் கேட்டேன். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தால் நீங்களும் கேளுங்கள். அந்தப் பண்ணையில் கற்றுக்கொடுப்பது யார்? அவரே வயலில் இறங்குகிறவரா, மரத்தடியில் உட்கார்ந்து பிரசங்கம் செய்கிறவரா? நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை? களை பிடுங்குவதோடு நிறுத்திவிட்டால் அது பயிற்சி அல்ல, கூலி கொடுக்காத கூலி வேலை. விதைப்பிலிருந்து விற்பனைக் கணக்கு வரையில் காட்டுகிறார்களா? பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள அறையும் குளியலறையும் உண்டா? ஏற்கெனவே அங்கே தங்கிவந்த பெண் ஒருத்தியோடு பேச முடியுமா?

பெண் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கணக்குப் படித்தவள் அல்லவா? நஷ்டக் கணக்குகூடப் போட்டு வைத்திருந்தாள். ஒரு கேள்விக்கு மட்டும் தயங்கினாள்: ஆறு மாதம் கழித்து என்ன? "நிலம் இல்லையே அத்தை நமக்கு" என்றாள். உண்மைதான். ஈவுக்கு நிலம் வாங்கக் குடும்பப் பணம் இருந்தது. இவளுக்கு இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. குத்தகை, கூட்டுப் பண்ணை, மாடித் தோட்டம் என்று ஏதேதோ பேசிக்கொண்டோம்.

அடுத்த மாதம் பெண் கிளம்பிப் போனாள். தாயார் பதினைந்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ் வீட்டு ஜன்னல் வழியாக டெலிபோன் பேச்சு மாடி வரை கேட்டது. அந்த அம்மாள் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த முப்பது வருஷத்தில் அந்த ஊர்க் குப்பைக்குழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"சூடே ஏறலையா? எத்தனை நாளாச்சு?... தண்ணி கிடக்கட்டும். தொழுவத்து மண்ணைக் கொத்திப் போட்டீங்களா?... போடலையா? அந்த மண்ணைப் போடாம அது என்னடி குப்பை? உங்க பாட்டி வாராவாரம் தொழுவத்தைக் கொத்தி அள்ளிப் போடுவாங்க. அடுப்புச் சாம்பல்?... சரி, சரி. உனக்குச் சொன்னா விளங்காது. போனை அந்தப் பண்ணைக்காரர்கிட்டே கொடு!"